பழனி மலை ஓரத்தில் என்ஜின் தடுமாறியது: கார்ப் ஹீட் இழுத்ததும் ஏன் இன்னும் மோசமானது?

ஆயக்குடி மாணவி கேட்டது:

வணக்கம். நான் கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்கான (சிபிஎல்) பயிற்சியில் இருக்கிறேன். சோலோ (தனியாகப் பறப்பது) முடிந்து இப்போது கிராஸ் கன்ட்ரி (ஊர் விட்டு ஊர் பறப்பது) போய்க்கொண்டிருக்கிறேன். போன வாரம் இன்ஸ்ட்ரக்டருடன் செசனா 152 என்ற சிறிய ஒற்றை என்ஜின் விமானத்தில் உடுமலை, பழனி, ஒட்டன்சத்திரம் வழியாகத் திண்டுக்கல் பக்கம் போனோம். உயரம் 5,500 அடி, வெளிக்காற்று 18 டிகிரி. ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்த வாரம். வலது பக்கம் மலை முழுக்க மேகம் மூடியிருந்தது, எங்கள் பாதையில் மட்டும் வெளிச்சம் நன்றாக இருந்தது.

ஒட்டன்சத்திரம் தாண்டியதும் முன்னால் மேகம் தாழ்ந்து வந்தது. பவரைக் குறைத்து 3,500 அடிக்கு இறங்கினோம். அங்கே நிறுத்தி த்ராட்டிலை (பவர் கூட்டும் குமிழ்) தள்ளினால் ஆர்பிஎம் (என்ஜின் நிமிஷத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) 2,300-க்கு வரவில்லை, 2,100-லேயே நின்றது. அப்புறம் ஒரு நடுக்கம். இன்ஸ்ட்ரக்டர் பேசவே இல்லை, கார்புரேட்டருக்குச் சூடான காற்றை விடும் கார்ப் ஹீட் குமிழை முழுதாக வெளியே இழுத்தார். உடனே என்ஜின் இருமத் தொடங்கியது. சீட்டெல்லாம் அதிர்ந்தது, ஆர்பிஎம் 1,900-க்கும் கீழே போனது. “உள்ளே தள்ளிவிடலாமா சார்?” என்று கேட்டேன். “தொடாதே” என்றார். கொஞ்ச நேரத்தில் ஒரு பெரிய குலுக்கல், அதன்பின் சத்தம் சீரானது, ஆர்பிஎம்மும் ஏறிவிட்டது.

தரையிறங்கியபின் ஐஸ் என்று விளக்கினார். பரீட்சைக்குப் படித்ததுதான். ஆனால் மூன்று விஷயம் மனதில் நிற்கிறது. கீழே ஆயக்குடியில் கொய்யா பறிக்கிறார்கள், மேலே 18 டிகிரி, இதில் ஐஸ் எப்படி? சரிசெய்யும் கைப்பிடியே என்ஜினை ஏன் அப்படி உலுக்கியது? இதே இடத்தில் நான் தனியாக இருந்து, அதுவும் மலைக்கு மேலே இருந்திருந்தால் என்ன செய்திருக்க வேண்டும்? ஒருநாள் கொடைக்கானல் ஏரியை மேலிருந்து பார்க்க வேண்டும் என்பது சின்ன வயது ஆசை. அதனால்தான் கடைசிக் கேள்வியைக் கேட்கிறேன்.

---

ஹேங்கர் ஏஎம்இ பதில்:

நான் விமானப் பராமரிப்பு இன்ஜினியர் (ஏஎம்இ). முதல் இரண்டு கேள்விக்கும் நான் சொல்கிறேன், மூன்றாவதைப் பறந்தவர்கள் சொல்லட்டும்.

வெளியே 18 டிகிரி சரி, காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டருக்குள்ளே 18 இல்லை. பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றியுள்ள காற்றின் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். காற்று போகும் குழாய் குறுகும் வெஞ்சுரியில் அழுத்தம் குறைவதால் காற்று இன்னும் குளிரும். இரண்டும் சேர்ந்து 30 டிகிரிக்கு மேல்கூட வெப்பம் இறங்கலாம். ஆக உங்கள் 18, உள்ளே மைனஸ் 10-க்கும் கீழே போயிருக்கலாம். காற்றில் ஈரம் இருந்தால் அது த்ராட்டில் பட்டாம்பூச்சி வால்வின் விளிம்பில் ஐஸாகப் படியும். வழி அடையும், காற்று குறையும், ஆர்பிஎம் இறங்கும். ஐஸ் பிடிக்க மிகவும் வாய்ப்புள்ள வெப்பநிலை மைனஸ் 7 முதல் 21 டிகிரி வரை என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். அதற்கு மேல், நம் ஊர் வெயிலிலும், ஈரம் அதிகமானால் பிடிக்கும். பவர் குறைத்து இறங்கும்போது வால்வு கிட்டத்தட்ட மூடியிருப்பதால் கொஞ்சம் ஐஸே போதும், வழி அடைந்துவிடும். நீங்கள் இறங்கும்போதே அது படிந்திருக்கும். த்ராட்டிலை ஏற்றியபோதுதான் உங்களுக்குத் தெரிந்தது.

அடுத்தது, ஏன் உலுக்கியது. கார்ப் ஹீட் இழுத்தால், சைலன்ஸரைச் சுற்றியுள்ள உறையிலிருந்து சூடான காற்று உள்ளே வரும். சூடான காற்று அடர்த்தி குறைவு, அதனால் கலவையில் பெட்ரோல் கூடிப்போகும். ஐஸே இல்லாவிட்டாலும் இதனால் ஆர்பிஎம் இறங்கும். ஐஸ் இருந்தால் அது உருகிய தண்ணீர் வேறு சிலிண்டருக்குள் போகிறது. தண்ணீரைக் குடித்துக்கொண்டு ஓடும் என்ஜின் இருமாமல் என்ன செய்யும்? அந்த இருமல்தான் ஐஸ் உருகுகிறது என்பதற்கு அடையாளம். அந்த நேரத்தில் குமிழை உள்ளே தள்ளினால் பாதி உருகிய ஐஸ் மறுபடி உறையும்.

இன்னொன்று, இதைப் பலர் யோசிப்பதில்லை. அந்தச் சூடு வருவது எக்ஸாஸ்ட்டிலிருந்து. என்ஜின் நின்றுபோனால் எக்ஸாஸ்ட் ஆறிவிடும், அதன்பின் கார்ப் ஹீட்டை இழுத்தாலும் சூடு இருக்காது. எனவே சந்தேகம் வந்த உடனே முழுதாக இழுக்க வேண்டும். பாதி இழுப்பது கூடாது. கார்புரேட்டர் வெப்பமானி இல்லாத விமானத்தில் பாதிச் சூடு சில நேரம் ஐஸ் பிடிக்காத காற்றை ஐஸ் பிடிக்கும் காற்றாக மாற்றிவிடும்.

புது செசனா 172 எஸ் ஓட்டுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அது ஃபியூயல் இன்ஜெக்‌ஷன், கார்புரேட்டரே கிடையாது.

கடைசியாக ஒரு கேள்வி: இறங்கியபின் ஸ்நாக் (கோளாறுக் குறிப்பு) எழுதினீர்களா? சரியாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். எழுதினால்தான் நாங்கள் கார்ப் ஹீட் வால்வு முழுதாகத் திறக்கிறதா, உறைக்குள் இருக்கும் சைலன்ஸரில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்போம். சைலன்ஸரில் விரிசல் இருந்தால் ஐஸைவிடப் பெரிய ஆபத்து. அதே உறைகளில் இருந்துதான் கேபின் ஹீட்டும் வருகிறது. புகையிலுள்ள விஷவாயுவான கார்பன் மோனாக்சைடு உள்ளே வந்தால் வாசனைகூடத் தெரியாது.

---

கோத்தகிரிக்காரர் பதில்:

ஏஎம்இ சொன்னதில் சேர்க்க எதுவும் இல்லை. நான் பல வருஷம் சொல்லிக்கொடுத்துவிட்டு இப்போது கோத்தகிரியில் இருக்கிறேன். மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுமையாகப் படி அம்மா.

என்ஜின் சத்தம் மாறியதும் முதலில் பார்க்க வேண்டியது வேகம். காரணம் தேடுவது அதற்கு அப்புறம். உயரம் இறங்கத் தொடங்கியதும் எல்லாருக்கும் மூக்கைத் தூக்கத் தோன்றும். தூக்கினால் வேகம் போகும், வேகம் போனால் ஸ்டால், அதாவது இறக்கை விமானத்தைத் தாங்காமல் போகும். என்ஜின் இல்லாமல் மிதந்து இறங்க 152-க்கு 60 நாட் (மணிக்கு 60 நாட்டிகல் மைல்). என் மாணவர்களுக்கு நான் சொன்னது, “60 வந்ததும் ட்ரிம் சக்கரத்தைத் திருப்பு, அப்புறம் யோசி” என்பதுதான். ட்ரிம் செய்துவிட்டால் விமானம் அந்த வேகத்தைத் தானே பிடித்துக்கொள்ளும், உன் தலை காலியாகும்.

அடுத்து ஒரு வயலைத் தேர்ந்தெடுத்து மூக்கை அந்தப் பக்கம் திருப்பு. அதற்குப் பிறகுதான் கை பேனலுக்குப் போக வேண்டும். கார்ப் ஹீட் முழுதாக வெளியே. எரிபொருள் வால்வு ஆன். 152-இல் ஆன், ஆஃப் இரண்டே நிலைதான், இடது டேங்க் வலது டேங்க் என்ற குழப்பமெல்லாம் இல்லை. மிக்ஸ்சர் ரிச் (கலவையில் பெட்ரோல் அதிகம்). சாவி ‘போத்’ நிலையில், அதாவது பிளக்குக்குத் தீப்பொறி தரும் இரண்டு மேக்னெட்டோவும் ஓடும்படி. ப்ரைமர் (கிளப்பும்போது பெட்ரோல் அடிக்கும் கைப்பம்பு) உள்ளே போய்ப் பூட்டியிருக்கிறதா என்று விரலால் திருகிப் பார். ப்ரைமர் பூட்டாமல் இருந்தால் பெட்ரோல் அது வழியே கசிந்து என்ஜின் மூச்சுத் திணறும். இதைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. இந்த வரிசையைத் தரையில் நிற்கும் விமானத்தில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, கை பழகும்வரை செய். காசு செலவில்லை. ஹேங்கரில் யாரும் சிரித்தால் சிரிக்கட்டும்.

என்ஜின் நிற்கவில்லை, உதறுகிறது, கார்ப் ஹீட்டுக்கும் மசியவில்லை என்றால் சாவியை எல் (இடது மேக்னெட்டோ), ஆர் (வலது) என்று மாற்றிப் பார். ஒரு பக்கம் வைத்தால் சீராக ஓடினால் இன்னொரு மேக்னெட்டோ கெட்டிருக்கிறது. நல்ல பக்கத்திலேயே விட்டுவிட்டுப் பக்கத்து விமான நிலையத்துக்குப் போ. பிளக்கில் காரீயம் படிந்த உதறலாக இருந்தால், மிக்ஸ்சரை வழக்கமான லீன் (பெட்ரோல் குறைந்த) அளவுக்குக் கொண்டுவந்து சில நிமிஷம் ஓட்டினால் பெரும்பாலும் எரிந்து போய்விடும். புறப்படும் முன் செய்யும் ரன்-அப் சோதனையில் 1,700 ஆர்பிஎம்மில் மேக்னெட்டோ பார்க்கிறாய் அல்லவா, 125-க்கு மேல் விழக்கூடாது, இரண்டுக்கும் வித்தியாசம் 50-க்கு மேல் போகக்கூடாது என்று. அதை அவசரத்தில் கடக்காதே.

மலைக்கு மேல் என்பது வேறு கணக்கு. உன் விமானம் என்ஜின் இல்லாமல் 1,000 அடி இறங்குவதற்குள் காற்றில்லாத நாளில் சுமார் ஒன்றரை நாட்டிகல் மைல், அதாவது ஏறக்குறைய 2.7 கிலோமீட்டர் போகும். கொடைக்கானல் ஊரே சுமார் 7,000 அடியில் இருக்கிறது. நீ 9,000 அடியில் ஏரிக்கு மேல் இருக்கிறாய் என்று வை. ஆல்டிமீட்டர் (உயரமானி) 9,000 காட்டும், ஆனால் உனக்குக் கீழே 2,000 அடிதான். 60 நாட்டில் அது மூன்று நிமிஷம். அந்த மூன்று நிமிஷத்தில் வடக்கே, உன் ஊர்ப் பக்கம் திரும்பினால் பழனிவரை நேர்கோட்டில் 20 கிலோமீட்டருக்கு மேல், நடுவில் மலைமேல் மலை. தெற்கே திரும்பினால் ஊரின் விளிம்பிலேயே பாறை செங்குத்தாக இறங்குகிறது. பெரியகுளம் நேர்கோட்டில் 15 கிலோமீட்டர்தான், அதன் உயரம் 1,000 அடிக்கும் கீழே. விளிம்பைத் தாண்டிவிட்டால் உனக்குக் கீழே 2,000 அடி இல்லை, 8,000 அடி. 20 கிலோமீட்டருக்கு மேல் போகலாம், வயல் தேடவும் நேரம் இருக்கும். அதே 9,000 அடியில் பேரிஜத்தையோ பூம்பாறையையோ தாண்டி மேற்கே போய்விட்டால் எந்தப் பக்கம் திரும்பினாலும் சோலையும் தைல மரமும்தான்.

அதனால் மலைக்கு மேல் போகும்போது ஒவ்வொரு நிமிஷமும் “இப்போது நின்றால் எந்தப் பக்கம்?” என்பதற்கு மனதில் பதில் தயாராக இருக்க வேண்டும். பதில் இல்லாத இடத்துக்கு ஒற்றை என்ஜினில் போகாதே. கொடை ஏரியைப் பார்க்க வேண்டுமா, தை மாசம் தெளிந்த காலையில், இன்ஸ்ட்ரக்டர் அனுமதியோடு, தென் விளிம்பின் ஓரமாகப் போ. அங்கிருந்தே ஏரி நன்றாகத் தெரியும்.

நீலகிரிப் பக்கம் இருப்பதால் இதையும் சொல்ல வேண்டும். 2021 டிசம்பர் 8-ஆம் தேதி சூலூரிலிருந்து வெலிங்டனுக்கு வந்த விமானப்படை ஹெலிகாப்டர் குன்னூர் நஞ்சப்பசத்திரத்தில் விழுந்தது. ஜெனரல் பிபின் ராவத் உட்பட அதில் வந்த 14 பேரையும் இழந்தோம். இயந்திரக் கோளாறு இல்லை என்று விசாரணையில் தெரிந்தது. வானிலை திடீரென மாறி, மேகத்துக்குள் நுழைந்துதான் மலையில் மோதியது. எங்கள் மலையில் பர்லியார் பள்ளத்திலிருந்து மேகம் ஏறி வருவதை நான் தினமும் பார்க்கிறேன். எதிர்ச் சரிவில் தேயிலைத் தோட்டம் தெரியும், டீ குடித்துவிட்டு நிமிர்ந்தால் இருக்காது. என்ஜினைக் காப்பாற்றப் பவர் குறைத்து இறங்கி, இறங்கிய இடத்தில் மேகத்துக்குள் மாட்டிக்கொண்டால் என்ஜின் நன்றாக ஓடியும் பயன் இல்லை. மலைப் பக்கம் மேகம் என்றால் திருப்பம் எப்போதும் சமவெளிப் பக்கம்தான்.

---

ஆயக்குடி மாணவி பதில்:

ரொம்ப நன்றி சார், ஏஎம்இ சாருக்கும். ஸ்நாக் இன்ஸ்ட்ரக்டர் எழுதினார், நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். வரைபடத்தில் பெரியகுளம் கோட்டைப் போட்டுப் பார்த்தேன், நீங்கள் சொன்னதுபோலத்தான் வருகிறது.

இன்னும் ஒன்று கேட்கட்டுமா? வயலைத் தேர்ந்தெடு என்றீர்கள். புத்தகத்தில் இருப்பதெல்லாம் வெளிநாட்டுப் புல்வெளி. எங்கள் ஊரைச் சுற்றித் தென்னந்தோப்பு, கொய்யாத் தோப்பு, சோளக்காடு, குளம். எதை எடுப்பது?

---

கோத்தகிரிக்காரர் பதில்:

இதைக் கேட்டாயே, சந்தோஷம்.

தென்னந்தோப்பு வேண்டவே வேண்டாம். மேலிருந்து பச்சைப் பாய்போலத் தெரியும், ஒவ்வொன்றும் கல்தூண். நெல் வயலில் தண்ணீர் நின்றால் முன்சக்கரம் புதைந்து விமானம் குப்புற விழும். நடவு வயலின் வரப்பும் அதைத்தான் செய்யும். அறுவடை முடிந்த கடலைக்காடு, சோளத்தட்டை வெட்டிய மானாவாரி நிலம், இவை நல்லவை. உழவுச்சால் இருந்தால் சால் போகும் திசையிலேயே இறங்கு, குறுக்கே வேண்டாம்.

நம் பக்கத்தில் இன்னொரு ஆபத்து கிணறு. உடுமலையிலிருந்து ஒட்டன்சத்திரம் வரை காட்டுக்குக் காடு பெரிய திறந்த கிணறு இருக்கும். 2,000 அடியிலிருந்து கறுப்புச் சதுரமாகத் தெரியும், ஓரத்தில் ஒரு மோட்டார் ரூம், அதற்கு ஒரு கரண்ட் கம்பி. கம்பி கண்ணுக்குத் தெரியாது, கம்பம் தெரியும். மோட்டார் ரூமைப் பார்த்தாலே கம்பி வருகிறது என்று எடுத்துக்கொள். தார் ரோடு ஆசை காட்டும். ஆனால் இரண்டு பக்கமும் புளியமரம், மேலே கம்பி, எதிரே பஸ். கோடையில் வற்றிய குளத்துப் படுகை நல்ல இடம். ஐப்பசியில் அது கிடையாது.

காற்று எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டுமா, காற்றாலையைப் பார். உடுமலை, தாராபுரம் பக்கம் எங்கும் நிற்கிறது. சுற்றுகிற காற்றாலை காற்றை எதிர்த்துத்தான் முகம் வைத்திருக்கும். அது பார்க்கும் திசையிலேயே நீயும் இறங்கு. ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக்காற்று அடிக்கும்போது எதிர்க்காற்றில் உன் ஒன்றரை மைல் ஒரு மைலாகிவிடும், கணக்கில் வைத்துக்கொள். அந்த மாசங்களில் மலையின் கிழக்குப் பக்கம் ஒட்டிப் பறந்தால் காற்று கீழே அமுக்கும். என்ஜின் நன்றாக இருக்கும்போதே உயரம் நிற்காது.

இறங்குவது உறுதி என்றால் 121.5 என்ற அவசர அலைவரிசையில் ‘மேடே’ (ஆபத்து அழைப்பு) சொல், ரேடாருக்கு அடையாளம் காட்டும் ட்ரான்ஸ்பாண்டரில் அவசர எண் 7700 போடு. பேச நேரம் இல்லையென்றால் பேசாதே, விமானத்தை ஓட்டு. தரைக்கு முன்னால் மிக்ஸ்சரை முழுதாக இழு, எரிபொருள் வால்வை மூடு, சாவியை ஆஃப் செய். ஃபிளாப் (வேகம் குறைக்க இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் பலகை) இறக்கியபின் மாஸ்டரையும் (மின்சார மெயின் சுவிட்ச்) ஆஃப் செய், 152-இல் ஃபிளாப் மின்சாரத்தில் ஓடுவதால் இந்த வரிசை. கதவைக் கொஞ்சம் திறந்து வை. இடிபட்டுக் கோணினால் பிறகு திறக்காது. மிகக் குறைந்த வேகத்தில் தரையைத் தொட்டால் இறக்கையோ சக்கரமோ போகலாம், நீ நடந்து வெளியே வருவாய். விமானத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று அந்த நேரத்தில் நினைக்கவே கூடாது.

---

தாண்டிக்குடி காப்பித்தோட்டம் பதில்:

எனக்கு விமானம் பற்றி ஒன்றும் தெரியாது, மகன் காட்டியதால் படித்தேன். தாண்டிக்குடியில் காப்பி, மிளகு போட்டிருக்கிறோம். பாப்பா, எங்கள் பக்கம் சமமான இடம் என்று ஒன்றும் இல்லை. நிழலுக்குச் சில்வர் ஓக் நெருக்கமாக நிற்கும், மேலே இருந்து புதர்போலத் தெரிந்தால் ஏமாந்துவிடாதே. ஐப்பசி கார்த்திகையில் காலை பத்து மணிவரைதான் எங்களுக்கே எதிர் மலை தெரியும், மத்தியானம் ஆனால் மஞ்சு மூடிவிடும். தையில் விடியக்காலைப் பனி விலகியபின் நல்ல தெளிவு இருக்கும். கோத்தகிரி ஐயா சொன்ன மாசம் சரிதான்.

எனக்கு ஒரு கேள்வி. அப்படி ஒரு விமானம் எங்கள் பக்கம் வந்து இறங்கிவிட்டால் நாங்கள் என்ன செய்ய வேண்டும்? எல்லாரும் ஓடிப்போய்ச் சுற்றி நின்றுவிடுவோம், அதுதான் கேட்கிறேன்.

---

ஹேங்கர் ஏஎம்இ பதில்:

ஐயா, ஓடிப் போங்கள், ஆனால் பின்பக்கமாகவோ பக்கவாட்டிலோ போங்கள். மூக்குப் பக்கம் போகவே வேண்டாம். ப்ரொப்பெல்லர் நின்றிருந்தாலும் அதைத் தொடவோ கையால் திருப்பவோ கூடாது. மேக்னெட்டோவுக்கு பேட்டரி வேண்டாம், எர்த் ஒயர் அறுந்திருந்தால் சாவி ஆஃபில் இருந்தும் ஒரு திருப்பில் என்ஜின் வெடித்துக் கிளம்பும்.

இறக்கைக்குள்தான் பெட்ரோல் இருக்கிறது. பீடி, சிகரெட், அடுப்பு எதுவும் பக்கத்தில் வேண்டாம். உள்ளே இருப்பவர் பேசினால், தீயும் புகையும் இல்லாவிட்டால், அவசரப்பட்டு இழுக்காதீர்கள், முதுகெலும்பில் அடி இருக்கலாம். தீ என்றால் யோசிக்காமல் வெளியே எடுங்கள். பெல்ட் பூட்டின் மூடியைத் தூக்கினால் கழன்றுவிடும், கார் பெல்ட்போல அழுத்துவது இல்லை. 112-க்கு அழைத்து, எந்த ஊர், எந்தத் தோட்டம், வண்டி வர எந்த ரோடு என்று சொல்லுங்கள். தாண்டிக்குடி மாதிரி இடத்தில் ஒருவரை ரோட்டில் நிறுத்தி வைப்பது நல்லது, ஆம்புலன்ஸ்காரர் தோட்டத்து வழி கண்டுபிடிக்கக் கஷ்டப்படுவார். விமானத்தின் பாகம் எதையும் எடுக்கவோ நகர்த்தவோ விடாதீர்கள், விசாரணைக்கு வருகிறவர்கள் ஒவ்வொரு குமிழும் எந்த நிலையில் இருந்தது என்று பார்ப்பார்கள். கார்ப் ஹீட் குமிழையும்தான்.